ஒலிம்பியாவில் மசோதா ஹியரிங்கில் பேசணும், இரண்டு நிமிடத்தில் என்ன சொல்வது?

சனிக்கிழமை டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கிறோம், ஒலிம்பியாதான் தலைநகர். எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளி சனிக்கிழமை காலையில், ஒரு மிடில் ஸ்கூல் கட்டடத்தில் வகுப்பறைகளை வாடகைக்கு எடுத்து நடக்கிறது. மணிக்கணக்கு வாடகை, கதவைத் திறந்து பூட்ட வரும் கஸ்டோடியனுக்கு ஓவர்டைம், இன்சூரன்ஸ் சர்டிஃபிகேட் என்று வருடா வருடம் ஏறிக்கொண்டே போகிறது. இப்போது மாநில சட்டமன்றத்தில் ஒரு மசோதா வந்திருக்கிறது. லாப நோக்கமில்லாத மொழிப் பள்ளிகளிடம் பள்ளி மாவட்டங்கள் உண்மையான செலவுக்கு மேல் வாங்கக் கூடாது, சுருக்கமாக அவ்வளவுதான். அடுத்த வாரம் ஹவுஸ் (கீழவை) கமிட்டியில் ஹியரிங், அதாவது பொதுமக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டம். "நீங்கதான் நல்லாப் பேசுவீங்க" என்று நிர்வாகக் குழுவில் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

எழுத உட்கார்ந்தேன், இரண்டு பக்கம் வந்துவிட்டது. தமிழ் செம்மொழி, இரண்டாயிரம் வருட இலக்கியம், பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் பேச மொழி வேண்டும், புலம்பெயர்ந்தோர் பண்பாடு என்று எல்லாம் இருக்கிறது. படித்துப் பார்த்தால் ஆண்டு விழா வரவேற்புரை மாதிரி இருக்கிறது, ஆனால் எதை வெட்டுவது என்றும் புரியவில்லை.

சில கேள்விகள். நேரில் ஒலிம்பியா போகணுமா, ஜூமில் பேசினால் மதிப்பு குறைவா? எவ்வளவு நேரம் கொடுப்பார்கள்? வேலை விசாவில் இருக்கிறவர்கள் பேசலாமா (என் கணவருக்கு இதுதான் பெரிய கவலை)? குறுக்குக் கேள்வி கேட்டால் என்ன செய்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

மழைக்காட்டு மாறன் எழுதியது:

நான் இங்கே வேறு விஷயங்களுக்காக ஹியரிங்குகளில் பேசியிருக்கிறேன், அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் நடைமுறை. சட்டமன்ற இணையதளத்தில் கமிட்டி சைன்-இன் பக்கம் இருக்கிறது. அதில் கமிட்டியையும் ஹியரிங் தேதியையும் மசோதா எண்ணையும் தேர்ந்தெடுத்தால் மூன்று வழி காட்டும்: நேரிலோ ஜூமிலோ பேசுவது, எழுதி அனுப்புவது, பேசாமல் உங்கள் நிலைப்பாட்டை மட்டும் பதிவு செய்வது. நிலைப்பாடு ப்ரோ (ஆதரவு), கான் (எதிர்ப்பு), அதர் (வேறு) என்று கேட்கும். பேசுவதற்கும் நிலைப்பாட்டைப் பதிவதற்கும் ஹியரிங் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போதே மூடிவிடுவார்கள், ஒரு நிமிடம் தாமதித்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. எழுதி அனுப்புவதற்கு மட்டும் ஹியரிங் தொடங்கியதிலிருந்து 24 மணி நேரம் அவகாசம் உண்டு.

பேச இரண்டு நிமிடம் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். நேரத்தைக் குழுத் தலைவர்தான் முடிவு செய்வார். கூட்டம் அதிகமாக இருந்தால் அங்கேயே "ஆளுக்கு ஒரு நிமிடம்" என்று சொல்லிவிடுவார். ஆகவே ஒரு நிமிடத்துக்கு எழுதுங்கள், ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினால் 130 சொல் வரும். இரண்டு நிமிடம் கிடைத்தாலும் அதையே பேசிவிட்டு எழுந்து வாருங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஹியரிங் எப்படி நடக்கும் என்றால், முதலில் கமிட்டி ஊழியர் மசோதா என்ன சொல்கிறது என்று சுருக்கமாக விளக்குவார். அப்புறம் மசோதாவைக் கொண்டுவந்த உறுப்பினர் பேசுவார். அப்புறம் மூன்று நான்கு பேராகப் பெயர் கூப்பிடுவார்கள். தொடக்கம் ஒரே மாதிரிதான்: "தலைவர் அவர்களே, குழு உறுப்பினர்களே, பதிவுக்காக என் பெயர் இன்னார், இன்ன ஊர், இந்த மசோதாவை ஆதரிக்கிறேன்." முதல் மூச்சிலேயே ஆதரவா எதிர்ப்பா என்பது வந்துவிட வேண்டும். நீங்கள் பேசும்போது பாதி உறுப்பினர்கள் லேப்டாப்பைப் பார்ப்பார்கள், ஒருவர் எழுந்து வெளியே போவார். அது அவமதிப்பு இல்லை. அவருடைய மசோதா பக்கத்து அறையில் இன்னொரு கமிட்டியில் அதே நேரத்தில் போய்க்கொண்டிருக்கும், அங்கே பேச ஓடுகிறார். நீங்கள் தலைவரைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருங்கள்.

இப்போது அந்த இரண்டு பக்கம். செம்மொழி, இரண்டாயிரம் வருடம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். தமிழ் பெரிய மொழி இல்லை என்று அந்த அறையில் யாரும் வாதாடப் போவதில்லை. அந்தக் கமிட்டி முடிவு செய்ய வேண்டியது தமிழைப் பற்றி அல்ல, கட்டட வாடகையைப் பற்றி. அவர்களிடம் வழக்கறிஞர் எழுதிய குறிப்பு இருக்கிறது, ஊழியர் அறிக்கை இருக்கிறது, பள்ளி மாவட்டங்களின் ஆட்கள் சொன்னது இருக்கிறது. சனிக்கிழமை காலை அந்தக் கட்டடத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான், அதைச் சொல்லத்தான் போகிறீர்கள். இன்வாய்ஸில் என்னென்ன வரி இருக்கிறது, எதற்கு எவ்வளவு, எது கூடியது, கூடியதால் நீங்கள் எதை நிறுத்தினீர்கள். இன்வாய்ஸைக் கையில் வைத்துக்கொண்டு எழுத ஆரம்பியுங்கள், பேச்சு தானாகவே சுருங்கிவிடும்.

கடைசியாக ஒரு கோரிக்கை கண்டிப்பாக வேண்டும். "ஆதரிக்கிறேன், நன்றி" என்று முடித்தால் பாதி வேலைதான் முடிந்தது. மசோதாவின் முழு வாசகத்தையும் படியுங்கள் (நீளம் அதிகம் இருக்காது), எந்தப் பிரிவில் எந்தச் சொல் உங்களுக்குப் போதவில்லை என்று பார்த்து அதை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். குறிப்பிட்டுக் கேட்பது குறைவாகத்தான் நடக்கிறது, அதனாலேயே ஊழியர்கள் அதைக் கவனமாகக் குறித்துக்கொள்வார்கள்.

நேரில் வருவதா ஜூமா என்றால், ஜூம் போதும். தூரம் ஒத்துவந்தால் ஒலிம்பியா வாருங்கள். ஹவுஸ் கமிட்டி அறைகள் ஜான் எல். ஓப்ரையன் கட்டடத்தில் இருக்கின்றன. நேரில் வருவதன் லாபம் மேஜையில் பேசும் அந்த நிமிடத்தில் இல்லை, நடைபாதையில்தான். உங்கள் தொகுதி சட்டமன்ற உறுப்பினரின் உதவியாளரிடம் ஐந்து நிமிடம் கேட்டு முன்னாடியே அப்பாயின்ட்மென்ட் வாங்கிக்கொள்ளுங்கள்.

---

சாக்ரமெண்டோ சண்முகம் எழுதியது:

மாறன் சொன்னது வாஷிங்டனுக்குச் சரி. இந்த இழையை வேறு மாநிலத்துக்காரர்களும் படிப்பார்கள் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஒவ்வொரு ஊரிலும் விதி வேறு. எங்கள் கலிஃபோர்னியாவில் பெரும்பாலான கமிட்டிகளில் ஒரு பக்கத்துக்கு இரண்டு முக்கியப் பேச்சாளர்கள்தான், ஆளுக்கு இரண்டு நிமிடம் மாதிரி. மற்றவர்கள் எல்லாம் மைக்குக்கு வரிசையில் வந்து பெயர், அமைப்பு, ஆதரவா எதிர்ப்பா என்று மட்டும் சொல்லிவிட்டு நகர வேண்டும். "நான் ஒரு அம்மாவாக..." என்று ஆரம்பித்தாலே தலைவர் நிறுத்திவிடுவார். 2023இல் சாதிப் பாகுபாடு குறித்த எஸ்.பி. 403 வந்தபோது இரு தரப்பிலும் நம்மவர்கள் நீண்ட வரிசையில் நின்றது ஞாபகம் இருக்கும். மணிக்கணக்கில் நின்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு வந்தார்கள். அந்த மசோதா இரு அவைகளிலும் நிறைவேறி, அக்டோபரில் கவர்னர் வீட்டோ போட்டார், அது வேறு கதை.

நெப்ராஸ்கா இன்னொரு வகை. அங்கே ஒரே அவை, 49 பேர், தாக்கலாகும் ஒவ்வொரு மசோதாவுக்கும் பொது ஹியரிங் உண்டு. நியூ ஹாம்ப்ஷயரில் கீழவையில் மட்டும் 400 உறுப்பினர்கள், அங்கேயும் எல்லா மசோதாவுக்கும் ஹியரிங் உண்டு. வாஷிங்டனில் அப்படி இல்லை, ஹியரிங் வைக்கலாமா என்பதே தலைவர் கையில். ஆகவே உங்கள் மசோதாவுக்குத் தேதி கிடைத்ததே நல்ல சகுனம். நாடாளுமன்றம், அதாவது காங்கிரஸ் என்றால் சுத்தமாக வேறு, அங்கே அழைப்பு வந்தவர்கள்தான் பேசலாம்.

இன்னொன்று. ஒரே பேச்சைப் பத்துப் பேர் வாசிக்க வேண்டாம். ஒரே வார்ப்பில் அச்சடித்த மாதிரி மின்னஞ்சல்களும் அப்படித்தான், எண்ணிக்கையில் சேருமே தவிர யாரும் படிக்க மாட்டார்கள். உங்கள் பள்ளியிலிருந்து ஒருவர் வாடகையைப் பேசட்டும், செலவு கூடியதால் ஏதாவது வகுப்பு நின்றிருந்தால் ஒரு பெற்றோர் அதைப் பேசட்டும். முடிந்தால் ஒரு கொரியப் பள்ளி அல்லது சீனப் பள்ளி ஆளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு சமூகத்தின் பிரச்சினை என்று ஒதுக்கிவிடாமல் இருக்க அதைவிட நல்ல வழி இல்லை.

---

எதுக்கு வம்பு எழுதியது:

மன்னிக்கணும், குறுக்கே பேசுகிறேன். இதெல்லாம் நாடகம். யார் எப்படி ஓட்டுப் போடுவார் என்பது ஹியரிங்குக்கு முன்னாலேயே முடிவாகியிருக்கும். பள்ளி மாவட்டங்களுக்காக உறுப்பினர்களிடம் பேசி ஆதரவு திரட்ட, சம்பளம் வாங்கும் லாபியிஸ்ட் இருக்கிறார், நமக்கு யார் இருக்கிறார்? ஒரு நாள் லீவு போட்டு, ஒரு நிமிடம் பேசி, என்ன ஆகப்போகிறது?

---

மழைக்காட்டு மாறன் எழுதியது:

முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன். கட்சி பிரிந்து நிற்கும் பெரிய மசோதாக்களில் நீங்கள் சொல்வதுதான் நடக்கும், அங்கே எந்தப் பேச்சும் ஓட்டை மாற்றுவதில்லை. ஆனால் கட்டட வாடகை மாதிரி யாருக்கும் முன்கூட்டியே நிலைப்பாடு இல்லாத சின்ன மசோதாவில் கதை வேறு. பாதி உறுப்பினர்கள் அதை அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்கிறார்கள்.

அப்புறம், பேசியது காற்றில் போவதில்லை. கமிட்டி ஊழியர்கள், அவர்கள் எந்தக் கட்சியையும் சேராதவர்கள், மசோதா அறிக்கை என்று ஒன்று தயாரிப்பார்கள். அதில் ஆதரித்தவர்கள் என்ன சொன்னார்கள், எதிர்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று ஒரு சுருக்கம் வரும், பேசியவர்கள் பெயரும் வரும். பேசப் பதிவு செய்து நேரம் இல்லாமல் போனவர்கள் பெயர்கூட வரும். மசோதா அடுத்த கட்டத்துக்குப் போகும்போது, ஹியரிங்குக்கே வராத உறுப்பினர் படிப்பது அந்தப் பத்தியைத்தான். உங்கள் ஒரு நிமிடத்தில் ஒரு வாக்கியம் அந்தப் பத்தியில் உட்கார்ந்தால் போதும். எதிர்த்தரப்பு மட்டும் பேசி நம் பக்கம் காலியாக இருந்தால் அறிக்கையும் அப்படித்தான் இருக்கும்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

விசா கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. பேசலாம். சைன்-இன் பக்கத்தில் குடியுரிமை கேட்கும் இடமே கிடையாது, பேசுவதற்கு வாக்குரிமையும் தேவையில்லை. கவனிக்க வேண்டியது வேறு: நீங்கள் சொல்வதும் எழுதி அனுப்புவதும் பொது ஆவணம். டிவிடபிள்யூ சேனல் ஹியரிங்குகளை ஒளிபரப்பி இணையத்திலும் வைத்திருக்கும், பல வருடம் கழித்துத் தேடினாலும் கிடைக்கும். ஆகவே பிள்ளைகள் பெயர், படிக்கும் பள்ளி, யாருடைய உடல்நிலை விவரம் எதுவும் வேண்டாம். வேலை செய்யும் கம்பெனி பெயரையும் சொல்லாதீர்கள், அவர்கள் சார்பில் பேசுவதாக ஆகிவிடும்.

இரண்டாவது, உங்கள் பள்ளி 501(சி)(3), அதாவது வரிவிலக்கு பெற்ற லாப நோக்கமில்லாத அமைப்பாகத்தான் இருக்கும். "நாம் லாபி செய்யக் கூடாதே, வரிவிலக்கு போயிடுமே" என்று உங்கள் நிர்வாகக் குழுவில் யாராவது கண்டிப்பாகக் கிளப்புவார்கள். தடை இருப்பது தேர்தலில் வேட்பாளருக்கு ஆதரவாகவோ எதிராகவோ இறங்குவதற்கு, அது அறவே கூடாது. மசோதா பற்றிப் பேசுவது அளவுக்குள் இருந்தால் அனுமதி உண்டு. அளவு தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் 501(ஹெச்) பிரிவின் கீழ் 5768 படிவம் கொடுத்துவிடலாம், அப்போது முதல் 5 லட்சம் டாலர் வரைக்குமான செலவில் 20 சதவீதம் வரை லாபிக்குச் செலவழிக்கலாம். அதுவும் பணச் செலவு கணக்குத்தான், சம்பளமில்லாத தன்னார்வலரின் நேரம் அதில் சேராது. ஒரு டீச்சர் ஜூமில் ஒரு நிமிடம் பேசினால் அந்தக் கணக்கில் ஒரு சல்லிக்காசு ஏறாது. ஆனால் பள்ளி சார்பில் பேசுவதாகச் சொல்லப் போகிறீர்கள் என்றால் நிர்வாகக் குழுவில் ஒரு தீர்மானம் போட்டு மினிட்ஸில் ஏற்றிவிடுங்கள். வாய்மொழியாகத் தலையில் கட்டியது போதாது.

---

சனிக்கிழமை டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. தீர்மானம் போட்டாயிற்று. மாறன் சொன்ன மாதிரி இன்வாய்ஸை எடுத்து வைத்துக்கொண்டு திரும்ப எழுதினேன். ஆங்கிலத்தில்தான் பேசுவேன், இங்கே தமிழில் போடுகிறேன்:

"தலைவர் அவர்களே, உறுப்பினர்களே. பதிவுக்காக என் பெயர் இன்னார், இன்ன ஊர், ஒரு தன்னார்வத் தமிழ்ப் பள்ளியின் சார்பில் இந்த மசோதாவை ஆதரித்துப் பேசுகிறேன். சனிக்கிழமை காலை மூன்று மணி நேரத்துக்கு எட்டு வகுப்பறைகள் எடுக்கிறோம். கட்டடத்தைத் திறந்து, நாங்கள் போனபின் பூட்டும் ஊழியரின் ஓவர்டைமை முழுதாகக் கொடுக்கிறோம், கொடுப்பதில் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. இன்வாய்ஸில் அதற்கு மேல் ஒவ்வொரு அறைக்கும் தனியாக மணிக் கட்டணம் இருக்கிறது. அது எப்படிக் கணக்கிடப்பட்டது என்று எழுதிக் கேட்டோம், கட்டணப் பட்டியலைத்தான் திரும்ப அனுப்பினார்கள். இந்த வருடம் மழலை வகுப்பை மூடிவிட்டோம், அந்த அறைக்குக் கொடுக்கப் பணமில்லை. 'உண்மையான செலவு' என்று மசோதா சொல்கிறது. அதை எப்படிக் கணக்கிட்டார்கள் என்பதை மாவட்டம் இணையத்தில் வெளியிட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்து, மசோதாவை நிறைவேற்றித் தாருங்கள். நன்றி, கேள்வி இருந்தால் சொல்கிறேன்."

தாத்தா பாட்டியை எடுக்க மனசே வரவில்லை, ஆனாலும் எடுத்துவிட்டேன். எப்படி இருக்கிறது? இன்னொன்று, கேள்வி கேட்டால் என்ன செய்வது என்பதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

---

சாக்ரமெண்டோ சண்முகம் எழுதியது:

நன்றாக இருக்கிறது. "எந்த வருத்தமும் இல்லை" என்ற வரிதான் இதில் பலமான இடம், இலவசம் கேட்டு வரவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது. தாத்தா பாட்டி கவலை வேண்டாம், எழுதி அனுப்பும் பிரதியில் ஒரு பத்தி வைத்துக்கொள்ளுங்கள், அங்கே இடம் இருக்கிறது. எழுதியதை அப்படியே வாசிக்காமல், அதன் சுருக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு பேசுங்கள். முன்னால் பேசியவர் உங்கள் பாயிண்டையே சொல்லிவிட்டால், "அவர் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன்" என்று தாண்டி, மூடிய வகுப்புக்கு நேராகப் போய்விடுங்கள்.

---

மழைக்காட்டு மாறன் எழுதியது:

கடிகாரம் வைத்துச் சத்தமாகப் படித்துப் பாருங்கள், ஆங்கிலத்தில் ஒரு நிமிடத்தைத் தாண்டும் என்று தோன்றுகிறது. தாண்டினால் பட்டியலைத் திரும்ப அனுப்பிய வரியை வெட்டுங்கள். அந்த வரி உண்மையாகவே இருந்தாலும், அதே அறையில் உட்கார்ந்திருக்கும் மாவட்டத்து ஆள் அதற்குத்தான் பதில் சொல்லக் கிளம்புவார், பேச்சு வாடகையை விட்டுவிட்டு "யார் யாருக்கு என்ன அனுப்பினார்கள்" என்று போய்விடும்.

கேள்விகள் எங்கிருந்து வரும் என்று ஊகிக்க முடியும். ஒன்று, "ஏன் நூலகத்தில் நடத்தக் கூடாது?" எட்டு வகுப்பு ஒரே நேரத்தில் நடக்கிறது, அத்தனை அறை நூலகத்தில் கிடைக்காது என்று சொன்னால் போதும். இரண்டு, "கட்டடத் தேய்மானம், வெப்பமூட்டும் செலவு எல்லாம் மாவட்டம் யாரிடம் வாங்கும்?" அதுவும் உண்மையான செலவில் சேரும், கணக்கைக் காட்டினால் கொடுக்கத் தயார் என்று சொல்லுங்கள். மூன்றாவதுதான் கொஞ்சம் சட்டம். வாஷிங்டன் அரசியல் சாசனத்தின் 8ஆம் பகுதி 7ஆம் பிரிவு, உள்ளாட்சி அமைப்புகள் பொதுப் பணத்தையோ சொத்தையோ தனியாருக்குக் கொடையாகக் கொடுக்கக் கூடாது என்கிறது. மாவட்டத் தரப்பு "குறைந்த வாடகை கொடை ஆகிவிடும்" என்று இதைத் தூக்கிக்கொண்டு வரலாம். மசோதா கேட்பது செலவுக்குக் கீழே இல்லை, செலவுக்குச் சமம். அந்த ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சட்ட விவாதத்தில் இறங்க வேண்டாம், அது ஊழியர்கள் பார்த்துக்கொள்ளும் வேலை.

இதைத் தாண்டி ஏதாவது கேட்டு உங்களுக்குத் தெரியவில்லை என்றால், "கையில் தகவல் இல்லை, இன்றைக்கே எழுதி அனுப்புகிறேன்" என்று சொல்லி, சொன்னபடி அனுப்பிவிடுங்கள். ஊகித்து ஒரு எண்ணைச் சொல்வதுதான் ஆபத்து. கேள்வி கேட்டவர் எதிர்ப்பாளர் மாதிரித் தெரிந்தாலும் அவரிடம் திரும்பக் கேள்வி கேட்காதீர்கள், பதில் தலைவர் வழியாகத்தான் போக வேண்டும்.

ஹியரிங் அன்று பெரும்பாலும் ஓட்டெடுப்பு இருக்காது. எக்ஸிக்யூட்டிவ் செஷன் என்று வழக்கமாக வேறொரு நாளில் வைப்பார்கள், திருத்தங்கள் வருவது அங்கேதான். அந்தத் தேதியைக் கமிட்டி அட்டவணையில் பார்த்துக்கொண்டே இருங்கள். அதற்கு முந்தைய நாள், நீங்கள் கேட்ட அந்த ஒரு வரியை மசோதா மொழியில் எழுதி உங்கள் உறுப்பினருக்கும் தலைவரின் அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். கமிட்டியைத் தாண்டினால் ரூல்ஸ் கமிட்டி, அப்புறம் அவை, அப்புறம் செனட்டில் இன்னொரு ஹியரிங். இடையில் செலவு இருக்கிறது என்று சொல்லி அப்ரோப்ரியேஷன்ஸ் (நிதி ஒதுக்கீடு) கமிட்டிக்கும் அனுப்பலாம், அங்கே பேச வந்தால் பணத்தைத் தவிர எதையும் பேசாதீர்கள்.

---

எதுக்கு வம்பு எழுதியது:

சரி, பேச வரமாட்டேன். ப்ரோ என்று பெயர் மட்டும் பதிகிறேன். மசோதா எண்ணை இங்கே போடுங்க டீச்சர்.

---

சனிக்கிழமை டீச்சர் எழுதியது:

தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன். பட்டியல் வரியை வெட்டிவிட்டேன், இப்போது 55 நொடி வருகிறது. ஹியரிங் தொடங்க ஒரு மணி நேரம் முன்பே பதிவு மூடிவிடும், மறந்துடாதீங்க.